பிள்ளையை ஊர் மெச்ச உட்காரவைப்பது எப்படி?

காரைக்குடியிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கான கையேடு இது. புதுவயல், பள்ளத்தூர், தேவகோட்டைக்காரர்களும் பயன்படுத்தலாம். சென்னைக்குக் குடிபோனவர்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வரும் வாரத்தில் மட்டும் எடுத்துப் படித்தால் போதும்.

நோக்கம் ஒன்றே ஒன்றுதான். கல்யாண வீட்டு முகப்பில், பிளாஸ்டிக் நாற்காலியில், பிள்ளை ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். குதிக்கக் கூடாது, கையை உதறக் கூடாது, தூணைச் சுற்றி ஓடக் கூடாது. பிள்ளை சந்தோஷமாக இருக்கிறதா, வயிறு வலித்தால் சொல்லத் தெரியுமா என்பதெல்லாம் இந்தக் கையேட்டின் பொறுப்பில் வராது.

எங்கள் வீட்டுக்கு இது எதற்கு என்று புரட்டாமல் வைத்துவிடாதீர்கள். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, 2 முதல் 9 வயதுவரை உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. உங்கள் பங்காளி வீட்டுக்காவது பயன்படும்.

தேவையானவை

பிள்ளை: 1. குட்டி மேசை: 1. நாற்காலி: 2. ஜெம்ஸ் மிட்டாய்: வேண்டிய அளவு. பிளஸ், மைனஸ் போட ஒரு தாள். மதுரை பஸ்ஸுக்குச் சில்லறை. சொந்தக்காரர்கள் தானாகவே வந்து சேருவார்கள், தேட வேண்டியதில்லை.

படி 1: முதல் இரண்டு வருடம் டாக்டரிடம் போகாதீர்கள்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை, விரலை நீட்டி எதையும் காட்டவில்லை, இரண்டு வயதாகியும் வாய் திறக்கவில்லை என்று பெற்றவளுக்கு உறுத்தும். உடனே டாக்டரிடம் ஓடிவிடக் கூடாது. பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்பத்தாவைக் கேளுங்கள்: "அவுக அப்பச்சியே நாலு வயசு முடிஞ்சுதான் வாயத் தொறந்தாக. இன்னைக்கு அவுக பேச்சை நிறுத்த முடியுதா? ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்." இதைவிடச் செலவில்லாத மருத்துவ ஆலோசனை கிடைக்காது.

அப்பத்தா தரப்பு தோற்கும் நிலை வந்தால் கோயில் வேண்டுதல், நாக்கில் வசம்பு, ஜாதகத்தில் வாக்கு ஸ்தானம் என்று அடுத்தடுத்து வழி இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், மாவட்டம்தோறும் அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் அமைத்து, இந்தப் பரிசோதனையைக் காசில்லாமல் செய்யச் சொல்கிறது. காசில்லாமல் கிடைப்பதில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிடுங்கள்.

படி 2: பழியை அம்மாவின் தலையில் இறக்குங்கள்

ஆட்டிசம் என்று பெயர் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், காரணகர்த்தாவைக் கண்டுபிடிப்பது. "போனைக் கையில குடுத்துக் கெடுத்துட்டா." "வேலைக்குப் போறேன்னு புள்ளையக் கவனிக்கல." "மாசமா இருக்கையில அழுதுக்கிட்டே இருந்தா." எது வேண்டுமானாலும் பொருந்தும்.

இதை நம் ஊர் அறியாமை என்று யாராவது சொன்னால் வெட்கப்பட வேண்டாம். பாரம்பரியம் அமெரிக்காவில் இருக்கிறது. 1943-இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய லியோ கானரே, பின்னாளில் பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றிப் பேசினார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதையே புத்தகமாக்கி ஊரெல்லாம் பரப்பினார். தாயின் மனம் சில்லிட்டுப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆட்டிசம் உள்ள பையனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே ஒரு புத்தகம் எழுதி, இது பிறப்போடு வரும் மூளை வளர்ச்சி சார்ந்த விஷயம் என்று வாதாடிவிட்டார். அந்தச் செய்தி செட்டிநாட்டு வளவுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பழி சுமந்த தாய் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டாள். யார் என்ன பயிற்சி சொன்னாலும் செய்வாள், எவ்வளவு கேட்டாலும் கொடுப்பாள். அடுத்த படிகளுக்கு அவள்தான் ஆதாரம்.

படி 3: சென்டரை போர்டு பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நல்ல சென்டருக்கு அடையாளம் பெரிய போர்டு. அதில் ஏ.பி.ஏ. (பரிசு கொடுத்து நடத்தையைப் பழக்கும் பயிற்சி), ஸ்பீச், ஓ.டி., சென்சரி, அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங் எல்லாம் இருக்க வேண்டும். "ஆறே மாதத்தில் பேச்சு" என்று உத்தரவாதம் இருந்தால் இன்னும் விசேஷம். காரைக்குடியில் பிடித்ததாக அமையவில்லையென்றால் மதுரைக்குப் போங்கள். காலை பஸ்ஸில் இரண்டு மணி நேரம், முக்கால் மணி நேரத் தெரபி, திரும்ப இரண்டு மணி நேரம். பஸ் ஹாரனுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறிய பிள்ளை களைத்துப்போய் மேசைமுன் உட்கார்ந்ததும், "இன்னைக்கு கோஆப்பரேஷனே இல்ல" என்று தாளில் எழுதுவார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் கிட்டப்போய்ப் படிக்காதீர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் எல்லோரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு. சிறப்புக் கல்விக்கு நம் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு மதிப்பு கிடையாது.

கையில் காசு மிச்சமிருந்தால் ஸ்டெம் செல் ஊசியையும் விசாரியுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் சொல்லிவிட்டது. விலை அதிகம் என்பதால் நல்லதாகத்தான் இருக்கும்.

படி 4: என்ன கற்றுத்தருவது என்பதை ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

சென்டரில் முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள்: "உங்கள் இலக்குகள் என்ன?" எழுத வேண்டியவை: கண்ணைப் பார்க்க வேண்டும். சிட்டிங் டாலரன்ஸ் வர வேண்டும். கை ஆட்டக் கூடாது. சொன்ன பேச்சு கேட்க வேண்டும். குட் மார்னிங் சொல்ல வேண்டும். ரைம்ஸ் இரண்டு.

எழுதக் கூடாதவை: பல் வலித்தால் தொட்டுக்காட்ட. பாத்ரூம் வருகிறது என்று சைகை செய்ய. மிக்ஸி சத்தம் தாங்கவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போக. செக்காலை ரோட்டில் நாம் பிடித்த கையை உதறிவிட்டு ஓடாமல் நிற்க. "போதும்" என்று ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க. இவையெல்லாம் பிள்ளைக்கு உதவும். கல்யாண வீட்டில் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. சில தெரபிஸ்ட்டுகள் இதே ஏ.பி.ஏ. முறையை வைத்துக்கொண்டு இரண்டாவது பட்டியலைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். பாத்ரூம் போவதைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொன்றாகப் பழக்கி, ஏழு வயதுப் பிள்ளையின் டயப்பரைக் கழற்றிவிட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். தலையைச் சுவரில் முட்டும் பிள்ளை எந்த நேரத்தில் முட்டுகிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று வாரக்கணக்கில் குறித்து, காரணம் காது வலி என்று கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் நம் நோக்கம் நிறைவேறாது. சென்டரை மாற்றுங்கள்.

படி 5: கையை அடக்குங்கள்

பழைய வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பார்கள். கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி வார்த்த கல். வருடக்கணக்கில் கால் பட்டுப்பட்டு முகம் தெரிகிற மாதிரி மினுங்கும். ஐந்து வயதுப் பையன் ஒருவன் கன்னத்தை அதில் ஒட்டவைத்துப் படுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சிவப்புப் பூவின் ஓரத்திலிருந்து அடுத்த பூவின் ஓரம்வரை கோடு போகிற வழியைப் பார்க்கிறான். நாலு கல் தள்ளி ஒரு கல் மட்டும் திருப்பிப் பதிக்கப்பட்டிருக்கிறது. வீடு கட்டி எண்பது வருடமாக யாரும் கவனிக்காதது. அந்தக் கல் வந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. எழுந்து குதித்து, இரண்டு கையையும் பட்டாம்பூச்சி மாதிரி அடிக்கிறான்.

இந்த இடத்தில் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். எதைப் பார்த்துக் குதித்தான் என்று குனிந்து பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். மணிக்கட்டைப் பிடித்து, கையை மடியில் வைத்து, "கை கீழே" என்று சொல்லுங்கள். மறுபடி அடித்தால் மறுபடி பிடியுங்கள். கை அடிப்பதும் முன்னும் பின்னும் ஆடுவதும் சத்தமும் வெளிச்சமும் மிஞ்சும்போது உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவர உதவுகின்றன, சந்தோஷத்தைக் காட்டும் வழியும் அதுதான் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாம் காலாட்டிக்கொண்டே அதைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு, பையனின் கையைப் பிடிக்கலாம்.

படி 6: ஜெம்ஸ் கொடுத்துக் கண்ணை வாங்குங்கள்

மேசைக்கு இந்தப் பக்கம் தெரபிஸ்ட், அந்தப் பக்கம் பிள்ளை. நடுவில் தட்டில் ஜெம்ஸ். "என்னைப் பார்." பார்க்கவில்லை: மைனஸ். தாடையை லேசாகத் தூக்கி, "என்னைப் பார்." அரை நொடி பார்த்தது: "வெரி குட்!", ஒரு ஜெம்ஸ், ஒரு பிளஸ். மறுபடி. பத்து முறை ஒரு சுற்று. பத்தில் எட்டு பிளஸ் வந்தால் அடுத்த பாடம்.

முறை வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. நடத்தைக்குப் பின்னால் விரும்பியது கிடைத்தால் நடத்தை பெருகும், கிடைக்காவிட்டால் குறையும் என்று பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நிறுவியிருக்கிறார். பிள்ளை ஒரு மாதத்தில் பார்க்கக் கற்றுக்கொள்ளும். உங்கள் புருவத்துக்கு நடுவில் பார்த்தாலும் பிளஸ் விழுகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். கண்ணைப் பார்த்துக்கொண்டே பேச்சைக் கேட்க முடியவில்லை, ஏதாவது ஒன்றுதான் முடிகிறது என்று சொல்கிற ஆட்டிசக்காரர்கள் உண்டு. நமக்கு வேண்டியது பார்வை. பேச்சு காதில் விழுந்ததா என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ஜெம்ஸ் சலித்தால் சிப்ஸ், சிப்ஸ் சலித்தால் போன். படி 2-இல் போன் கொடுத்துக் கெடுத்த அதே அம்மா இங்கே பரிசாகப் போன் கொடுக்கலாம். முரண்பாடு இல்லை.

படி 7: கேட்பவர் வாயடைக்க ஒரு எண் சொல்லுங்கள்

சொல்ல வேண்டிய எண் 47. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓலே ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஏ.பி.ஏ. ஆய்வு என்று சொல்லுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்துக்கும் மேல் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர், அதாவது 47 சதவீதம், சாதாரணப் பள்ளி வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு படித்தேறும் நிலைக்கு வந்தார்கள். இதோடு நிறுத்திவிடுங்கள்.

யாருக்குப் பயிற்சி, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதைச் சொல்லாதீர்கள். தப்பு செய்தால் சத்தமாக "நோ" என்பதும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதைச் சொல்லாதீர்கள். 1965-இல் லைஃப் பத்திரிகை லோவாஸின் கூடத்தைப் படம்பிடித்துப் போட்டபோது, தலைப்பிலேயே அலறலும் அறையும் அன்பும் சேர்ந்து இருந்தன. 1974-இல் அவர் ஒரு பேட்டியில், இந்தப் பிள்ளைகளுக்கு முடி, மூக்கு, வாய் எல்லாம் இருந்தாலும் உளவியல்படி இன்னும் மனிதராகவில்லை, ஆளை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும் என்ற பொருளில் பேசினார். நம் ஊரில் யாரும் அதிர்ச்சி அடையமாட்டார்கள். "அடியாத மாடு படியாது" என்று லோவாஸுக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே ஆய்வு முடிவு வெளியிட்டவர்கள் நாம்.

ஒன்றைமட்டும் மறைக்க முடியாது. பிள்ளைக்கு எதிர்காலமே இல்லை, விடுதியில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்த காலத்தில், இந்தப் பிள்ளையாலும் கற்றுக்கொள்ள முடியும் என்று சொன்ன முதல் ஆட்களில் லோவாஸ் ஒருவர். பழி சுமந்து களைத்த பெற்றோர் அவரிடம் ஓடியதில் ஆச்சரியமில்லை. ரிம்லாண்டும் அவரோடு சேர்ந்தார். அடிப்பதை இன்றைய தெரபிஸ்ட்டுகள் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டார்கள். வாரம் 40 மணி நேரத்தைப் பலர் கைவிடவில்லை. 40 மணி நேரம் என்பது பாங்க் குமாஸ்தாவின் வார வேலை. பிள்ளைக்கு வயது மூன்று. பாங்கில் ஞாயிறு லீவு உண்டு.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் நிறுவனத்தார் 2018-இல் இந்தத் தீவிரப் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளைச் சலித்தெடுத்தபோது தேறியவை ஐந்து, பிள்ளைகள் 219. கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆதாரம் பலவீனம் என்று முடித்தார்கள். "கொஞ்சம்", "இருக்கலாம்" போன்ற சொற்கள் போர்டில் எழுத ஒத்துவராது. 47 போதும்.

படி 8: சண்டையில் ஏதாவது ஒரு பக்கம் சேருங்கள்

இந்த ஏ.பி.ஏ. பயிற்சியைச் சுற்றி உலகம் முழுவதும் சண்டை நடக்கிறது. சும்மா இருப்பவர் கோழை.

ஆதரவு அணியில் சேர்ந்தால் ஒரே ஒரு உத்தி தெரிந்தால் போதும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், சின்ன வயதில் இந்தப் பயிற்சி பெற்றவர்கள், அது எங்களை நாள் முழுக்க நடிக்கப் பழக்கியது, நடித்து நடித்து உடைந்துபோனோம் என்பார்கள். "நீங்கள் பேசுகிறீர்கள், எழுதுகிறீர்கள். எங்கள் பிள்ளை வாயே திறக்கவில்லை. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். பேசுகிறவர் பேசத் தெரிந்ததால் தகுதியிழந்தார். பேசாதவரை எப்படிக் கேட்பது? ஆக, யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. எங்களுக்காக அழாதீர்கள் என்று ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993-இல் பெற்றோர்களைப் பார்த்துச் சொன்னார். இல்லாத ஒரு பிள்ளைக்காக அழுதுகொண்டு, இருக்கிற பிள்ளையைக் காணாமல்விடுகிறீர்கள் என்பது அவர் வாதம். அவரும் பேசத் தெரிந்தவர்தானே, கணக்கில் வராது.

எதிர்ப்பு அணியில் சேர்ந்தால் உத்தி வேறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் உள்ள ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையத்தை உதாரணம் காட்டுங்கள். அங்கே நடத்தையைத் திருத்த உடம்பில் மாட்டிய கருவி மூலம் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் கருவியைத் தடை செய்ய, 2021-இல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இது உண்மை, கொடுமை. இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், தன் கையைத் தானே கடித்து ரத்தம் வரவைக்கும் பையனோடு மதுரை பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற கண்டனூர்க்காரியையும் சித்திரவதைக்காரி என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு மாற்றாக என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஏற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டால் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுங்கள்.

எந்த அணியானாலும் ஒரு விதி பொது. எந்தப் பாடத்தை, யார் வசதிக்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி வந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

படி 9: கோவா விஷயத்தை வெளியே விடாதீர்கள்

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியானது. இதைப் படித்தால் உங்கள் நம்பிக்கை ஆட்டம் காணும் என்பதால் சுருக்கமாகச் சொல்லி எச்சரிக்கிறோம்.

அங்கே தெரபி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வு. அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, அம்மாவுக்கே போட்டுக் காட்டினார்கள். "இந்த இடத்தைப் பாருங்க. மூடியை உருட்டிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தான். நீங்க அப்போ 'இது என்ன கலர்'னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அடுத்த தடவை கேள்வி வேண்டாம். நீங்களும் மூடியை உருட்டிட்டுக் காத்திருங்க." இவ்வளவுதான் பாடம். கேள்வியைக் குறை, காத்திரு, பிள்ளை எங்கே பார்க்கிறதோ அங்கே நீயும் பார். அம்மாக்கள் பிள்ளையின் போக்கோடு ஒத்துப்போவது கூடியது. பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கும் பேச்சும் சைகையும் கூடின. எல்லாமே வெற்றி இல்லை. இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைக்கும் நேரம் குறைந்தது என்றும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

கவனியுங்கள்: இதில் மாறச் சொன்னது அம்மாவை. மேசை இல்லை, ஜெம்ஸ் இல்லை, போர்டு இல்லை, பஸ் டிக்கெட் இல்லை. மூடி உருட்டுவதைக் கல்யாண வீட்டில் யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது? நமக்கு ஒத்துவராது.

படி 10: தேர்வு

கல்யாண நாள் வந்துவிட்டது. முகப்பில் நாதஸ்வரம், மைக்கில் "மொய் எழுதுபவர்கள் இந்தப் பக்கம்", வளவில் பந்தி, சந்தனம், ரோஸ் வாட்டர், இரண்டாங்கட்டில் வெள்ளைப் பணியாரம் பொரிகிற எண்ணெய் வாசம். சட்டைக் காலரில் லேபிள் உறுத்துகிறது. பையன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கை மடியில். வருகிறவர் புருவத்தின் நடுவைப் பார்க்கிறான். "வாங்க." "வாங்க." "வாங்க."

"பரவால்லையே ஆச்சி, பேரன் நல்லா ஆயிட்டானே!" என்பார் ஒருவர். "எந்த டாக்டருகிட்டக் காட்டுறீக?" என்பார் இன்னொருவர். வெற்றி. இரண்டு வருட உழைப்பு, ஒரு மணி நேரம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை மூன்று மணி நேரம் அலறினால், சட்டையைக் கிழித்தால், மறுநாள் எதுவும் சாப்பிடாவிட்டால், அது கல்யாண நேரத்துக்குள் நடக்காததால் தேர்வு முடிவைப் பாதிக்காது. "வெளியில எங்கேயும் இப்படிப் பண்றதில்ல, உங்ககிட்ட மட்டும்தான் பண்றான்" என்று அம்மாவிடம் சொல்லி, படி 2-க்குத் திரும்புங்கள்.

பழுது பார்த்தல்

பழுது: தெரபி வாசலில் பிள்ளை தரையில் படுத்து உருண்டு உள்ளே வர மறுக்கிறது.
தீர்வு: "அட்டென்ஷனுக்குப் பண்றான், கண்டுக்காதீங்க" என்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். ஒன்றரை வருடம் பேச்சில் சொல்லத் தெரியாததை உடம்பால் தெளிவாகச் சொல்கிறது என்ற எண்ணம் வந்தால் விரட்டிவிடுங்கள்.

பழுது: பிள்ளை முதல் சொல்லைப் பேசிவிட்டது. அந்தச் சொல் "வேணாம்".
தீர்வு: இது பேச்சில் சேராது. மைனஸ் போடுங்கள். "வேணும்" என்று வரும்வரை தொடருங்கள்.

பழுது: மற்ற வீட்டுப் பிள்ளை நன்றாகப் பேசுகிறது, நம் பிள்ளை இன்னும் பேசவில்லை.
தீர்வு: பீஸைக் கூட்டுங்கள். ஆட்டிசம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதம், படஅட்டை, தொடுதிரை டேப், சைகை என்று பேச வேறு வழிகளும் உண்டு என்பார்கள். டேபைக் கொடுத்தால் பிள்ளை பேசாமலேயே போய்விடும் என்று தெருக்கோடிக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சை நம்புங்கள்.

பழுது: பிள்ளைக்குப் பதினைந்து வயது. யார் "கையைக் கொடு" என்றாலும் கொடுக்கிறது, யார் "வா" என்றாலும் போகிறது, யார் எங்கே தொட்டாலும் அசையாமல் நிற்கிறது.
தீர்வு: இது பழுதே இல்லை. கையேட்டில் சொன்னபடி எல்லாம் சரியாக வேலை செய்கிறது.

சென்டரில் கேட்கக் கூடாத கேள்விகள்

கடைசியாக, முதல் நாள் சென்டருக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான் அறைக்குள் உட்கார்ந்து பார்க்கலாமா?

இந்தப் பாடம் என் பிள்ளைக்கு எந்த நாளில், எந்த இடத்தில் பயன்படும்?

இங்கே வருகிற பிள்ளைகளில் அழுதுகொண்டே வருகிறவர்கள் எத்தனை பேர், ஓடிவருகிறவர்கள் எத்தனை பேர்?

பேச்சு வரும்வரை பேசுவதற்கு வேறு என்ன வழி கற்றுத்தருவீர்கள்?

கை ஆட்டினால் யாருக்குத் தொந்தரவு?

என் பிள்ளை "போதும்" என்று காட்டினால் நிறுத்துவீர்களா?

கடைசிக் கேள்வியை நீங்கள் வாய்தவறிக் கேட்டுவிட்டு, அதற்கு "நிறுத்துவோம், அதைக் காட்டத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம்" என்று பதில் வந்துவிட்டால், இந்தக் கையேட்டை அந்த சென்டருக்கு எடுத்துப் போகாதீர்கள். அங்கே செல்லாது.